மூன்று முறை அலசிய துணி

அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதிகபட்சம் எத்தனை பேருக்குப் பொருள் அனுப்ப முடியும் என்று அதில் எழுத வேண்டும். கட்டாயம் இல்லை, காலியாகவும் விடலாம். நான் அண்ணனைக் கேட்டேன். அவன் ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சத்தத்தில் காதில் விழாமல் என்னை இரண்டு முறை சொல்ல வைத்து, பிறகு முகத்தைச் சுளித்தான். எங்கள் வீட்டில் உள்ளே வருகிற எதையும் போதும் என்று சொல்லும் வழக்கம் இல்லை. அரிசி மூட்டை இறங்கினாலும் நூல் மூட்டை இறங்கினாலும் எண்ணி முடித்ததும் நிறைந்திருக்கிறது என்போம். சாப்பிடும்போதுகூட இலைக்கு மேல் கையை நீட்டித் தடுப்போமே தவிர, அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டோம். வருவதற்கு முன்பே இதற்கு மேல் வேண்டாம் என்று எழுதி வைப்பதா? அப்படியே விடு என்றான். நானும் விட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. படிக்காத பரீட்சை, விட்ட வேலை, போகாத ஊர் என்று வருத்தப்பட எவ்வளவோ இருக்கிறது. ஆனால் தூக்கம் வராவிட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காலிக் கட்டம்தான்.

நான் திருப்பதியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். அண்ணன் நகரியில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல்தான் வருடங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மூன்று மாதக் குழந்தையோடு அறை எடுத்தது. மலைக்குப் போய் வந்த அலுப்பில் குழந்தை ஓயாமல் அழுதது. தூளி கட்ட ஒரு துணி கிடைக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். லாட்ஜ் படுக்கை விரிப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் வேலையாகத் திருப்பதிக்கு வர இருந்த அண்ணனிடம் சொன்னேன். அவன் வீட்டில் ஏற்கெனவே அலசி வைத்திருந்த ஒரு கெட்டிப் பருத்தித் துணியைக் கொண்டுவந்தான். ஜரிகை இல்லை, கரை இல்லை, புடவையைவிட அகலம். குழந்தை அதில் போட்டதும் தூங்கிவிட்டது. அந்தப் பெண் ஊருக்குப் போன பிறகு, தன் தோழிகள் ஆறு பேருக்கு இதே துணி வேண்டும் என்று செய்தி அனுப்பினாள்.

அந்த முதல் துணி அவ்வளவு மெத்தென்று இருந்ததற்குக் காரணம் அண்ணன் இல்லை, அண்ணி. பச்சைக் குழந்தையின் உடம்பில் புதுத் துணி படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்ததும் பழைய வேட்டியில்தான் ஏந்துவோம், பழைய புடவையில்தான் தூளி கட்டுவோம். தறியிலிருந்து இறங்குகிற துணியில் கஞ்சி இருக்கும், விறைப்பு இருக்கும். அண்ணி அதைக் குங்குடுகாய், அதாவது பூந்திக்கொட்டை, ஊறிய தண்ணீரில் நனைத்துக் கும்மி, அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, மறுநாள் மறுபடி நனைப்பாள். அப்படி மூன்று தடவை. அதை அவள் துவைப்பது என்றே சொல்ல மாட்டாள். துணிக்குக் கொஞ்சம் வயசாகட்டும் என்பாள்.

இணையத்தில் பலரிடம் முன்பணம் திரட்டி ஒரு பொருளைச் செய்து கொடுக்கலாம் என்று எனக்குச் சொன்னதும் அந்தப் பெங்களூர்ப் பெண்தான். கிரவுட்ஃபண்டிங். பணம் கட்டுகிறவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லையாம், ஆதரவாளர்களாம். நூற்றைம்பது துணிக்கான பணம் கிடைத்தால் நூல் வாங்கலாம், படுத்துக் கிடந்த ஒரு தறிக்கு மோட்டார் மாற்றலாம். அவ்வளவுதான் எங்கள் ஆசை. அதற்கான தளத்தில் நிரப்பிய படிவத்தில்தான் அந்தக் காலிக் கட்டம் இருந்தது. முப்பது நாள் கெடு. முடிந்த பின் நாற்பத்தைந்து நாளில் அனுப்புவதாக எழுதினோம். நூற்றைம்பது என்றால் அண்ணியும், துணைக்கு வரும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஒரு நாளைக்குப் பதினைந்து முடிப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தத் தளத்திலிருந்து எங்களுக்கு வழிகாட்ட ஒரு தம்பியைப் போட்டிருந்தார்கள். போனில் மட்டும்தான் பேச்சு. காலி ஓட்டலில் யாரும் சாப்பிட நுழைய மாட்டார்கள், அதனால் முதல் மூன்று நாளில் உங்கள் சொந்தக்காரர்களை உட்கார வையுங்கள் என்றான். உட்கார வைத்தேன். லாட்ஜில் கூட வேலை செய்கிறவர்கள், புத்தூர்ச் சித்தி மகன்கள், பிள்ளை பெறும் வயதைத் தாண்டி இருபது வருடம் ஆனவர்கள்கூட ஆளுக்கொரு தூளித் துணிக்குப் பணம் கட்டினார்கள். தளத்தில் எங்கள் பக்கத்தில், சேர்ந்த பணத்தைக் காட்டும் பச்சைக் கோடு வேகமாக நகர்ந்தது. நான்காம் நாள் நின்றது.

அடுத்த பத்து நாள் அது அசையவே இல்லை. லாட்ஜில் சாவி கொடுத்துக்கொண்டே மேசைக்குக் கீழே போனைப் பார்ப்பேன். வடமாலபேட்டை தாண்டும் பஸ்ஸில் பார்ப்பேன். பல் துலக்கிக்கொண்டு பார்ப்பேன். அந்தத் தம்பி, இது எல்லாருக்கும் வருகிற மந்தம், கோடு நிற்பது தெரிந்தால் வருகிறவர்களும் திரும்பிவிடுவார்கள், இரண்டு நாளுக்கு ஒரு தடவை புதிதாக எதையாவது போடுங்கள் என்றான். தறியைப் போட்டேன், நூலைப் போட்டேன், அண்ணனைச் சிரிக்கச் சொல்லிப் போட்டேன். அவன் சிரித்தால் பல்வலி வந்தவன் போல இருப்பான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதர்கள் வேண்டும், கைகள் வேண்டும் என்றான் அந்தத் தம்பி. அப்போதுதான் அண்ணியின் நினைவு வந்தது.

அண்ணி போட்டோவுக்கு நிற்கிற ஆளில்லை. கல்யாண வீடுகளில் கேமரா திரும்பினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். நான் இரண்டு நாள் கெஞ்சினேன். கடைசியில் தொட்டி பக்கத்தில் குந்தியிருந்தபடியே ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் சொல்றத மட்டும் போடு பாப்பா. சொல்லாதத சேக்காத. ஊரு பூரா கேக்க ஒண்ணு சொல்லிட்டா, அப்பறம் அது மாறக்கூடாது. மாறிச்சின்னா என்னால தல நிமுந்து நடக்க முடியாது."

சரி என்றேன். அவள் கையை எடுத்தேன், தண்ணீரை எடுத்தேன், கொடியில் காயும் துணியை எடுத்தேன். கடைசியில் கேமராவைப் பார்க்காமல், கையிலிருந்த துணியைப் பார்த்து அவள் சொன்னாள். "இது பச்சப்புள்ள மேல படற துணி. மூணு தபா அலசாம என் கைய விட்டுப் போவாது." மொத்தம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. யாரோ ஒரு பெண் அதைத் தன் பக்கத்தில் பகிர்ந்தாள். அவளைப் பின்தொடர்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டு நாளில் நூற்றைம்பதைத் தாண்டியது. நான் லாட்ஜில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே மூடியிருக்கலாம். அந்தத் தம்பி மூட விடவில்லை. சூடாக இருக்கும்போது நிறுத்தக் கூடாது, இரண்டாவது இலக்கு வையுங்கள் என்றான். ஐந்நூறைத் தாண்டினால் எல்லாருக்கும் அதே துணியில் ஒரு குட்டிப் போர்வை இலவசம் என்று அவனே எழுதிக் கொடுத்தான். நான் படித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏற்றினேன். குட்டிப் போர்வையும் குழந்தை மேல் படுகிற துணிதானே, அதையும் அலச வேண்டுமே என்ற யோசனை எனக்கு வரவில்லை. தலைகால் புரியாத ஆட்டம் அது. முப்பதாம் நாள் கோடு பெட்டியை விட்டு வெளியே போய், இரண்டாயிரத்து நூறு பேர் என்று நின்றது. அண்ணன் நிறைஞ்சிருக்கு என்றான். அண்ணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தறிதான் திணறும் என்று நினைத்தோம். தறி திணறவே இல்லை. நகரியில் தறிக்கா பஞ்சம்? தெருவில் பத்து வீட்டில் பாவு ஓட்டி ஒரே மாதத்தில் துணியை இறக்கிவிட்டார்கள். வந்த பணத்தில் முக்கால்வாசி நூலுக்கும் கூலிக்கும் அப்போதே போய்விட்டது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் துணி கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. அலசத்தான் ஆளில்லை. கூலிக்கு நான்கு பெண்களைக் கூப்பிட்டோம். அண்ணி கூடவே நின்று, ஒருத்தி இரண்டாவது தடவையிலேயே மடித்து வைத்ததைப் பார்த்து எல்லாவற்றையும் பிரித்துத் தண்ணீரில் போட்டாள். இரண்டு பெண்கள் மறுநாள் வரவில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு, அதனால் டேங்கர். டேங்கர் வந்தால் வெயில் இல்லை. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மாடியில், கூடத்தில், தறிக்கு மேலே என்று கொடி கட்டி, ஈரத் துணிக்கு நடுவில் குனிந்து குனிந்து நடந்தோம். நான் லாட்ஜ் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் எல்லாம் அனுப்பி முடிக்க எட்டு மாதத்துக்குமேல் ஆகும் என்று வந்தது. மறுபடி போட்டேன். அதேதான் வந்தது.

இதற்குள் செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் அன்பாக, பிறகு கேள்வியாக, பிறகு அன்பே இல்லாமல். குழந்தைக்கு நாலு மாசம் ஆகுது. குப்புற விழ ஆரம்பிச்சிட்டான். இனிமே எதுக்கு தூளி? இதைக்கூட நான் யோசித்திருக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பு ஒரு துண்டுத் துணியும் வாங்கி வைக்க மாட்டோம் என்பது எங்கள் பக்கத்தில் மட்டுமல்ல, எல்லாப் பக்கமும் அப்படித்தான். எங்கள் சொந்தக்காரர்களைத் தவிர, பணம் கட்டிய அத்தனை பேர் கையிலும் அப்போதே குழந்தை இருந்தது. தாமதமானால் வேட்டி வேட்டியாகவே இருக்கும். தூளி அப்படி இல்லை. ஒரு நாள் தள்ளினால் குழந்தை ஒரு நாள் வளர்ந்துவிடும்.

அண்ணியின் விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. தோளைத் தூக்க முடியவில்லை. ராத்திரி அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அண்ணன் அடுத்த நாள் எனக்குப் போன் பண்ணி, ஏதாவது பண்ணு என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உசுப்பியது.

எங்கள் லாட்ஜின் படுக்கை விரிப்புகள் ரேணிகுண்டா சாலையில் ஒரு சலவைக் கூடத்துக்குப் போகும். தினமும் ஆயிரக்கணக்கான விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு, பிளீச் ஊற்றி, வாசனைத் திரவம் விட்டு எடுப்பார்கள். அந்த முதலாளியிடம் கேட்டேன். எத்தனை வேண்டுமானாலும் கொண்டு வாங்கம்மா, ரேப்பு சாயந்திரம் ரெடி என்றார். நாளைக்குச் சாயங்காலம்! எட்டு மாதம் எங்கே, நாளைக்குச் சாயங்காலம் எங்கே? எனக்கு அழுகையே வந்தது. ஒரு மினி லாரி வைத்து, அதுவரை அலசி அனுப்பியது போக மிச்சமிருந்த எண்ணூற்றுச் சொச்சம் துணிகளையும் அவற்றின் குட்டிப் போர்வைகளையும் ஏற்றினோம். மீதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், இந்தத் துணியைக் கடைக்குக் கொடுக்கிறோம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் அப்படியே கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே அன்றைக்கு எனக்குப் பட்டது.

துணிகள் பாலாகத் திரும்பி வந்தன. எங்கள் லாட்ஜ் அறையின் வாசனை அடித்தது. ஒவ்வொன்றிலும் அண்ணியின் கை படம் போட்ட சீட்டைக் கட்டி, மூன்று முறை அலசியது என்ற எழுத்து தெரியும்படி மடித்து, ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டேன். தளத்துத் தம்பி வாழ்த்துச் சொன்னான். செய்திகள் ஓய்ந்தன. நான் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் படம் அனுப்பினாள். குழந்தையின் முதுகு, தொடை, கன்னத்தின் ஒரு பக்கம் எல்லாம் சிவந்து தடித்திருந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்துக் குரல் செய்தியைத் திறந்தேன். அவள் திட்டவில்லை.

"அக்கா, துணி உங்க அண்ணி தொவச்சதுங்கறதால அதை நாங்க சந்தேகமே படலைங்க. எம் பால்லதான் ஏதோ கோளாறுன்னு வீட்ல சொல்றாங்க. மீனு, முட்ட, கத்திரிக்கா, கடல எல்லாம் நிறுத்திட்டேன். ரெண்டு வாரமா ரசஞ் சோறுதான். இன்னும் கொறையல. அண்ணி பெரியவங்க, அவங்ககிட்டக் கேட்டுச் சொல்றீங்களா, நான் இன்னும் எதை விடணும்னு?"

தூளியில் போட்டால்தான் அழுகையை நிறுத்துகிறான் என்றும், பகல் முழுக்க அதில்தான் கிடக்கிறான் என்றும் கடைசியில் சொல்லியிருந்தாள்.

மூன்று நாள் நான் பதில் போடவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். தளத்துத் தம்பியிடம் கேட்டேன். மருத்துவர் சொன்ன பிறகு பார்க்கலாம், நீங்களாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு பொதுவான மன்னிப்பு வாசகம் அனுப்புகிறேன் என்றான். அந்த வாசகம் வந்தது. தரத்தில் சிறு மாறுபாடு என்று இருந்தது. அந்தப் பெண் அந்த மூன்று நாளும் ரசம் சோறு சாப்பிட்டாள். நான் லாட்ஜ் கேன்டீனில் மீன் குழம்பு சாப்பிட்டேன். நான்காம் நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நகரிக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணி கைக்கு மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதையும் விளக்காமல் முதலில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். பிறகு படத்தைக் காட்டினேன். பிறகு சலவைக் கூடத்தைச் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அது அண்ணனுக்கும் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் என்னை அடித்திருக்கலாம், சீ என்றிருக்கலாம். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் குனிந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணும் துன்றதில்லியா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "மொதல்ல அவளத் துன்னச் சொல்லு. இப்பவே சொல்லு."

அவள் முன்னாலேயே பேசி அனுப்பினேன். உன் பாலில் ஒரு கோளாறும் இல்லையம்மா, துணியில்தான் கோளாறு, அதை என் அண்ணி அலசவில்லை, நான் பொய் சொன்னேன், துணியைக் கழற்றிவிடு என்றேன். அண்ணி முழுக்கக் கேட்டுவிட்டு, எண்ணூறு பேருக்கும் இதையே சொல் என்றாள். சொன்னேன். தரத்தில் சிறு மாறுபாடு என்று எழுதவில்லை. கோயம்புத்தூர்க் குழந்தைக்குத் துணியைக் கழற்றிய பத்து நாளில் தடிப்பு இறங்கியது. வேறு நான்கு பேர் தங்கள் குழந்தைகளுக்கும் அப்படி இருந்ததாக எழுதினார்கள். வேறு எத்தனை பேர் எழுதாமல் எதை எதைச் சாப்பிடாமல் விட்டார்களோ, தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பினோம். புது மோட்டார் போட்ட தறியையும் அதற்குப் பக்கத்துத் தறியையும் விற்றோம். என் நகையும் போனது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஒன்றே ஒன்றுதான் அண்ணி என்னிடம் கேட்டாள். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னாள். தளத்துக்கு எழுதினேன். முடிந்த முயற்சிகளின் பக்கத்தை அழிக்க முடியாது, அது விதி என்று பதில் வந்தது. அப்படியே எடுத்தாலும் யார் யாரோ பகிர்ந்தது எங்கெங்கோ கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் எங்கள் பச்சைக் கோடு பெட்டியைத் தாண்டி நிற்கிறது. வெற்றி என்று எழுதியிருக்கிறது. கீழே அண்ணி தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, மூன்று தடவை அலசாமல் என் கையை விட்டுப் போகாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவர்கள் நம்புவார்கள். நம்பாமல் இருக்க முடியாது.

என்னோடு அவள் பேசாமல் இல்லை. போனால் சாப்பாடு போடுகிறாள், வரும்போது முருங்கைக்காய் கட்டிக் கொடுக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் வாசலில் கூடியிருந்தோம். பானை பொங்கியது, வெயில் அவள் முகத்தில் நன்றாக விழுந்தது. பழக்கதோஷத்தில் நான் போனைத் தூக்கினேன்.

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "போதும் பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அண்ணன் பானையைப் பார்த்தபடி நின்றான். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம் என்று அவனும் எடுத்துச் சொல்லவில்லை.